தலையெண்ணும் நாள்

ஸ்டாக்டன், கலிஃபோர்னியா
1995 ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்கா யுஃபேமியாவுக்கு,

தம்பி பெனிக்னோ எழுதுகிறேன். மாதா தயவில் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உன் முழங்கால் வலி எப்படி? இடது காதுக்குக் கொடுத்த சொட்டு மருந்தை விடுகிறாயா, இல்லை அலமாரியில் அழகுக்கு வைத்திருக்கிறாயா? போனில் நான் பேசுவது உனக்குக் கேட்டால் இவ்வளவு தாள் செலவாகாது.

வகுப்புகள் தொடங்கிவிட்டன. காலையில் மொடெஸ்டோவில் ஒன்று, மதியம் சாக்ரமென்டோ பக்கம் ஒன்று, திங்கள் புதன் மாலை ஆறரைக்கு இங்கே ஒன்று. மூன்று கல்லூரிக்கும் ஒரே கோட்டுதான். என் அறை எப்படி என்று கேட்டிருந்தாய். காற்றோட்டமான அறை. வேண்டிய இடத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம்.

மாலை வகுப்புதான் என் செல்லம். கட்டுரை எழுதக் கற்றுத் தருகிறேன். லாரி ஓட்டும் பஞ்சாபிக்காரர், பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒரு கறுப்பர், லாவோஸிலிருந்து வந்த மொங் இனப் பெண்கள் மூவர், தக்காளி ஆலையில் வேலை செய்யும், ஸ்பானிஷ் பேசும் நம் ஆட்கள், முதியோர் இல்லத்தில் உதவியாளராக இருக்கும் மாலிஸ் என்ற கம்போடியப் பெண். முதல் நாள், வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி ஒரு பத்தி எழுதுங்கள் என்றேன். வகுப்பு முழுவதும் பசியோடு வீட்டுக்குப் போனது.

ஒரு கவலை உண்டு. பட்டியலில் இப்போது இருபத்தொரு பெயர். செப்டம்பர் பதினொன்று எங்களுக்குத் தலையெண்ணும் நாள். அன்றைக்கு இருபதுக்குக் கீழே போனால் வகுப்பை மூடிவிடுவார்கள். நிரந்தர ஆசிரியருக்கு வேறு வகுப்பு கிடைக்கும். என்னைப் போல வகுப்புக்கு இவ்வளவு என்று வாங்குகிறவனுக்கு ஒரு கைகுலுக்கல்தான். அது போனால் வாடகை கொடுக்க வழியில்லை. உன் பிரார்த்தனையில் சேர்த்துக்கொள்.

உன் தம்பி,
பெனிக்னோ


சொக்கோரோ, நியூ மெக்ஸிகோ
1995 செப்டம்பர் 15

அன்புத் தம்பி பெனிக்கு,

ஆண்டவர் உனக்கு நல்ல சுகத்தைத் தரட்டும். எனக்கு முழங்கால் அப்படியேதான், வாய் முன்னைவிட நன்றாக இருக்கிறது. பள்ளிக்கூடச் சமையலறையில் இந்த வருடம் முந்நூறு பிள்ளைகள். இருபதுக்காக நீ தவம் கிடக்க வேண்டாம், இவர்களில் கொஞ்சம் பேரை அனுப்பி வைக்கிறேன்.

பச்சை மிளகாய் வறுக்கும் பருவம். தெருவெல்லாம் புகை. வறுத்துத் தோலுரித்து உனக்கு ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார் கேட்டார், "தம்பி என்ன பண்றாரு?" என்று. "புரொஃபஸர் சாமி, மூணு காலேஜ்ல கூப்பிட்டிருக்காங்க"ன்னு சொன்னேன். பக்கத்து வீட்டு குருசித்தா முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவள் மகனை ஒரு இடத்தில்கூட யாரும் கூப்பிட்டதில்லை.

உன் இருபத்தொரு பேருக்கும் சேர்த்து ஒரே மெழுகுவர்த்தி ஏற்றினேன். ஆளுக்கொன்று கட்டுப்படியாகாது. என்ன ஆயிற்று?

உன் அக்கா,
யுஃபேமியா


ஸ்டாக்டன்
1995 செப்டம்பர் 27

அன்புள்ள அக்கா,

சுகம். மிளகாய்ப் பெட்டி வந்தது, பாதி தீர்ந்தும் விட்டது.

வகுப்பு பிழைத்தது. சரியாக இருபது. உன் மெழுகுவர்த்திதான் என்று வைத்துக்கொள்.

சாமியாரிடம் என்னைப் பற்றி அவ்வளவு சொல்லாதே. வேலை நிறைய இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

பெனி


ஸ்டாக்டன்
1996 ஜனவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு நலமாக இருக்க வேண்டும். உன்னுடைய இரண்டு கடிதங்களும் கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய தமாலே பலகாரமும் வந்து சேர்ந்தன. பதில் போடாததற்குக் காரணம் சொன்னால் நம்ப மாட்டாய், அதனால் சொல்லவில்லை.

இங்கே நடந்த ஒரு சங்கதியை எழுதுகிறேன். எங்களோடு வேலை பார்க்கும் கேரிட்டி என்பவரைப் பற்றியது. அவர் வகுப்பில் ஒரு பெண். நர்ஸ் படிப்பில் இடம் வாங்க வேண்டும் என்று வந்தவள். இரண்டாவது வாரம், வகுப்புக்கு முன்னால் கார் நிறுத்தும் இடத்தில் அவரைப் பிடித்தாள்.

"சார், அம்மாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. இனிமே சாயங்காலம் வர முடியாது. விலகல் சீட்டு பூர்த்தி பண்ணிட்டேன். ஆனா ஆபீஸ் ஜன்னலை அஞ்சு மணிக்கே மூடிடறாங்க, நான் வேலை முடிச்சு வரதே ஆறு மணி."

"குடுங்கம்மா. காலையில நானே குடுத்துடறேன். நீங்க அம்மாவைப் பாருங்க."

நல்ல எண்ணத்தில்தான் வாங்கினார், அதை நம்பு. ஆனால் அதே வாரம் இன்னொருவரும் நின்றுவிட்டார். இந்தச் சீட்டைக் கொடுத்தால் பத்தொன்பது. தலையெண்ணும் நாள் முடியட்டும், மறுநாள் கொடுத்துவிடலாம் என்று நினைத்தார். அவள் வருகிறாள் என்று குறித்துக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் கொடுத்தால், நேற்று வந்தவள் என்று எழுதினாயே, சீட்டில் தேதி ஒரு வாரம் முந்தி இருக்கிறதே என்று கேட்பார்கள். அப்படியே தள்ளித் தள்ளி நவம்பர் ஆகி, விலகுவதற்கான கெடுவும் தாண்டிப் போனது.

டிசம்பரில் மதிப்பெண் தாளில் அவள் பெயருக்கு நேரே ஒரு கட்டம். காலியாக விட முடியாது. காரில் தனியாக உட்கார்ந்து, பேனாவில் மை தீர்ந்த மாதிரி இரண்டு முறை உதறினார். மை இருந்தது. தோல்வி என்று போட்டார்.

இப்போது நர்ஸ் படிப்பில் அவளுக்குக் கிடைத்திருந்த இடத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மே மாதத்துக்குள் அந்தத் தோல்வி நீங்காவிட்டால் இடம் வேறொருவருக்கு. போன வாரம் அவர் காரருகே வந்து குளிரில் நின்றிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தார்.

"அந்தச் சீட்டுல நான்தான் ஏதோ தப்பா எழுதிட்டேன் போல சார். என் இங்கிலீஷ் உங்களுக்குத் தெரியுமே. உங்களுக்கு வேற தொந்தரவு. மன்னிச்சுக்குங்க" என்றாள்.

"பாக்கறேன்" என்றார் அவர்.

அதைச் சரிசெய்ய ஒரு படிவம் இருக்கிறது. காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அவருக்கு அடுத்த பருவத்தில் வகுப்பு கிடைக்காது. எங்களை யாரும் வேலையை விட்டு நீக்குவதில்லை அக்கா, கூப்பிடாமல் விட்டுவிடுவார்கள்.

அவர் என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறாய்?

பெனி


சொக்கோரோ
1996 ஜனவரி 24

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். நீயும் அப்படியே இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

உன் கடிதத்தை குருசித்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் அடுப்பில் வைத்ததை மறந்து கேட்டாள். இரண்டு பேருமாக அந்தக் கேரிட்டியை உரித்து உப்புக்கண்டம் போட்டோம். குருசித்தா சொன்னதை இங்கே எழுத முடியாது, தபால்காரர் கோயிலுக்கு வருகிறவர்.

நான் சொன்னதை எழுதுகிறேன். அவன் திருடன்கூட இல்லை. திருடன் எடுத்துக்கொண்டு ஓடிவிடுவான். இவன் எடுத்ததும் போதாதென்று அவளிடமே மன்னிப்பும் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறான். ஒரு பக்கம் விழுந்த தாயைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு வேலைக்குப் போகிறவள், குளிரில் வந்து நின்று இவனிடம் மன்னிப்புக் கேட்கிறாள், இவன் "பாக்கறேன்" என்கிறான். என்ன செய்ய வேண்டும் என்று இதில் கேள்வி வேறா? கையெழுத்துப் போடச் சொல். வேலை போனால் போகட்டும், எங்கள் சமையலறையில் பாத்திரம் தேய்க்க ஆள் தேவை.

நீ அவனோடு உட்கார்ந்து சாப்பிடாதே. அந்தப் பழக்கம் உனக்கும் ஒட்டிக்கொள்ளும்.

உன் அக்கா,
யுஃபேமியா


சொக்கோரோ
1996 பிப்ரவரி 26

பெனி,

உடம்பு சரியில்லையா? ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, தூக்கம்தான் சரியாக வரவில்லை.

உன் ஜனவரிக் கடிதத்தை நேற்று மறுபடி வாசித்தேன், குருசித்தா இல்லாமல். கேரிட்டி காரில் தனியாக உட்கார்ந்திருந்தார் என்று எழுதியிருக்கிறாய். தனியாக இருந்தவர் பேனாவை எத்தனை முறை உதறினார் என்று உனக்கு யார் சொன்னது?

யுஃபேமியா


ஸ்டாக்டன்
1996 மார்ச் 9

அக்கா,

உன் சுகத்தை விசாரிக்கக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சுகமாக இரு.

கேரிட்டி என்று யாரும் இல்லை. அந்தப் பெண் மாலிஸ். முதல் கடிதத்தில் எழுதியிருந்தேனே, முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். என் அறை என்று நான் எழுதியது கார் டிக்கி. மூன்று கல்லூரித் தாள்களும் மூன்று அட்டைப்பெட்டிகளில் அதற்குள் இருக்கின்றன. அவள் சீட்டும் ஆறு மாதமாக அங்கேதான் கிடக்கிறது. நான் புரொஃபஸரும் இல்லை. ஒவ்வொரு பருவமும் புதிதாகக் கூப்பிட வேண்டிய பகுதிநேர ஆசிரியன். ஏழு வருடமாக உன்னை அப்படிச் சொல்ல விட்டேன். கேட்க நன்றாக இருந்தது.

நீயும் குருசித்தாவும் என்னைத் திட்டியதைப் பல தடவை வாசித்தேன். ஒரு இடத்திலாவது அநியாயம் என்று சொல்ல முடியுமா என்று தேடினேன். கிடைக்கவில்லை.

வகுப்பில் அவள் போன பிறகு இருந்த பத்தொன்பது பேருக்கும் நன்றாகச் சொல்லிக் கொடுத்தேன். பட்டாளத்துக்காரர் கடைசி நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வகுப்பு நடந்ததே அவள் பெயரில்தான் என்று எனக்கு மட்டும் தெரியும். வெட்கம் என்றால் முகம் சிவப்பது என்று நினைத்திருந்தேன். எனக்கு ஒவ்வொரு நாளும் காரை நிறுத்திவிட்டு, அவள் நிற்கிறாளா என்று பார்த்துவிட்டு இறங்குகிற பழக்கமாக அது ஆகிவிட்டது.

இன்னும் படிவம் வாங்கவில்லை.

பெனி


சொக்கோரோ
1996 மார்ச் 18

பெனி,

உயிரோடு இருக்கிறாய், அதற்கு ஆண்டவருக்கு நன்றி.

நான் எழுதிய ஒரு வார்த்தையையும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆள் யார் என்று தெரிந்திருந்தால் மெதுவாக எழுதியிருப்பேன், தப்பாக எழுதியிருப்பேன்.

குருசித்தா தினமும் கேட்கிறாள், "அந்தக் கேரிட்டிப் பய கையெழுத்துப் போட்டானா இல்லையா?" என்று. "தெரியலடி" என்கிறேன். என்னையும் பொய் சொல்ல வைத்துவிட்டாய். புரொஃபஸர் என்று ஊரெல்லாம் சொன்னதில் என் ஆசையும் இருந்தது, அதை உன் தலையில் மட்டும் கட்ட மாட்டேன். டிக்கியோ அறையோ, எனக்கு அதில் அவமானம் இல்லை. அந்தப் பெண் குளிரில் நின்றதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மே மாதத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. படிவத்தை வாங்கு. அதுவரைக்கும் எனக்குக் கடிதம் வேண்டாம்.

யுஃபேமியா


ஸ்டாக்டன்
1996 ஏப்ரல் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இந்த மாதம் மூன்றாம் தேதி. அலுவலகத்துப் பெண்மணி லவோன் நல்ல மாதிரி. "காரணம்னு இருக்கற இடத்துல 'எழுத்துப் பிழை'ன்னு போட்டுருங்க, எல்லாரும் அதைத்தான் போடறாங்க" என்றாள். நான் போடவில்லை. விலகல் சீட்டை மாணவி உரிய நாளில் என்னிடம் கொடுத்தார், வகுப்பு மூடப்படாமல் இருக்க நான் அதைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன் என்று நேராக எழுதினேன். லவோன் வாசித்தாள். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்காமல் முத்திரை குத்தினாள். துறைத் தலைவர் மறுநாள் கூப்பிட்டு, மழை இந்த வருடம் அதிகம் என்று பேசி அனுப்பினார். ஆகஸ்ட் அட்டவணை நேற்று ஒட்டினார்கள். என் பெயர் இல்லை. தோல்வி நீங்கி, மாலிஸுக்கு இடம் உறுதியாகிவிட்டது.

இத்தோடு கடிதத்தை முடித்திருந்தால் நீ சந்தோஷப்பட்டிருப்பாய். எனக்கும் ஆசைதான். முடியவில்லை.

போன திங்கட்கிழமை அவள் வந்தாள். அவர்கள் புத்தாண்டு. வாழையிலையில் பொதிந்து வேக வைத்த ஒட்டரிசி, ஆறு பொட்டலம், துணிப்பையில். நேராக என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"சார், அந்த எஃப் மார்க் எப்படி வந்துச்சு? எதனால அப்படி ஆச்சு?"

வாயைத் திறந்தேன் அக்கா. படிவத்தில் எழுதிய அதே வாக்கியம்தான், மனப்பாடமாக இருந்தது.

"ஆபீஸ்ல ஏதோ குளறுபடிம்மா. நான் போய்ப் பேசி சரி பண்ணிட்டேன்" என்றேன்.

அவள் கையிலிருந்த பையைப் பார்த்தாள். "அலைய வெச்சிட்டோமே சார்" என்றாள். "அதெல்லாம் பரவாயில்ல" என்றேன். பரவாயில்லை என்றேன் அக்கா, என் வாயால். பையைக் கொடுத்துவிட்டுப் போனாள். எல்லாவற்றையும் காரில் உட்கார்ந்து தின்றேன். நன்றாக இருந்தது.

முன்பின் தெரியாத லவோனிடம் எழுதிக் கொடுக்க முடிந்ததை, அவளிடம் சொல்ல முடியவில்லை.

பெனி


சொக்கோரோ
1996 ஏப்ரல் 29

பெனி,

நான் சுகம்.

உன் வேலை போனதற்கு வருத்தப்படுகிறேன். கையெழுத்துப் போட்டாய் என்று வாசித்தபோது அழுதேன், அடுத்த பக்கத்தைத் திருப்பும் வரைக்கும்.

அவளுக்கு எழுது. எனக்கு எழுதுவது உனக்கு சுலபமாகிவிட்டது. இங்கே கொட்டிவிட்டு அங்கே சும்மா இருக்கிறாய். இனி நான் அதைப் படிக்கப் போவதில்லை.

யுஃபேமியா


ஸ்டாக்டன்
1996 மே 4

மதிப்புக்குரிய திருமதி மாலிஸ் ஹெங் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் குழந்தைகளும் சுகமா? உங்கள் அம்மாவின் உடல்நிலை எப்படி இருக்கிறது? தேறி வருவார் என்று நம்புகிறேன்.

நான் உங்களிடம் சொன்னது பொய். அலுவலகத்தில் ஒரு குளறுபடியும் இல்லை. நீங்கள் சீட்டைச் சரியாக எழுதி, சரியான நாளில் என்னிடம் கொடுத்தீர்கள். உங்கள் பெயர் இருந்தால்தான் வகுப்பு நடக்கும் என்பதால் நான் அதை ஒளித்து வைத்தேன். அந்தத் தோல்வியைப் போட்டதும் நான்தான். ஜனவரியில் நீங்கள் மன்னிப்புக் கேட்டபோது எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே வாங்கிக்கொண்டேன். உங்கள் உணவையும் அப்படித்தான்.

அந்த மன்னிப்பை நான்தான் கேட்க வேண்டும். கேட்கிறேன். நீங்கள் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

உண்மையுள்ள,
பெனிக்னோ துருஹியோ


ஸ்டாக்டன்
1996 மே 13

சார்,

வணக்கம். நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் சுகமும் அப்படியே இருக்கட்டும். இந்தக் கடிதத்தை என் மகனிடம் கொடுத்துத் திருத்தவில்லை. தப்பு இருந்தால் இருக்கட்டும்.

நீங்கள் எழுதியது எனக்கு முன்பே தெரியும். மதிப்பெண்ணை மாற்றினால் அந்தப் படிவத்தின் ஒரு நகல் மாணவர் வீட்டுக்கும் தபாலில் வரும். இளஞ்சிவப்புத் தாள். இத்தனை வருடம் வேலை செய்கிறீர்கள், உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போல. ஏப்ரல் பத்தாம் தேதி வந்தது. அகராதி வைத்துக்கொண்டு வாசித்தேன். நிறையக் கோபம் வந்தது. பிறகு, இவர் நினைத்திருந்தால் பொய்யாக ஏதாவது எழுதியிருக்கலாமே, எழுதவில்லையே என்று நினைத்தேன். அதனால்தான் உங்களுக்கும் பண்டம் எடுத்து வந்தேன். அந்தத் தாளும் பையில் இருந்தது. நீங்களாகச் சொன்னால் உங்கள் முன்னாலேயே கிழித்துப் போட்டுவிட்டுப் போகலாம் என்று இருந்தேன். நீங்கள் சொன்னதை நின்று கேட்டேன். செய்து கொண்டு வந்ததைத் திரும்ப எடுத்துப் போக மனம் வரவில்லை, அதனால் கொடுத்தேன்.

ஜூன் மாதம் எனக்கு வகுப்பு ஆரம்பம். இனி எழுத வேண்டாம்.

அம்மாவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அம்மா பிப்ரவரியில் இறந்துவிட்டார். அந்தப் பண்டம் அவர் பெயரில் கோயிலுக்குச் செய்ததில் ஒரு பங்கு. அன்றைக்கு நீங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மாலிஸ் ஹெங்